கியர் பாக்ஸை இறக்கலாமா, வண்டியையே மாத்தலாமா?

இந்த முறை சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, செமஸ்டர் புலம்பலும் இல்லை. ஒரு பழைய வண்டியோட கியர் பாக்ஸ். "பி.காம் படிக்கிறவனுக்கு கியர் பாக்ஸோட என்னடா வேலை?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும். இதில் கணக்கு அதிகம், கிரீஸ் கம்மி :-)

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கிய எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் இந்தப் பிரச்சினை வரும். கியர் மக்கர் பண்ணும். மெக்கானிக் ஒரு தொகை சொல்வார். அது வண்டியோட விலையில் பாதியைத் தொடும். உடனே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இவ்ளோ செலவு பண்றதுக்கு வேற வண்டியே வாங்கிடலாம்" என்பது ஒரு கட்சி. "இதுவரைக்கும் இவ்ளோ செலவு பண்ணியாச்சு, இப்பப் போய் விக்கறதா?" என்பது இன்னொரு கட்சி. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒரு வாரம் ஓடியது. இரண்டு கட்சியும் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறது என்பது என் கட்சி. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

எங்க ஊர் பழவேற்காடு பக்கம் ஒரு மீனவர் குப்பம். தெரியாதவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி எங்களுடையது. அதில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் பறவையைப் பார்த்துவிட்டு, நண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த நண்டும் இறாலும் ஊரைத் தாண்டி சந்தைக்குப் போக வண்டி வேண்டும் இல்லையா? அங்கேதான் கதை.

என் சித்தப்பாவும் சித்தியும் ஊரில் படகுக்காரர்களிடம் இறால், நண்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி பொன்னேரிக்குக் கொண்டுபோவார்கள். வரத்து நன்றாக இருக்கும் நாளில் காசிமேடு வரைக்கும் போகும். வண்டி பத்து வருஷப் பழைய சின்ன வேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி 1,30,000 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். பத்து வருஷம் உப்புக் காற்றில் உழைத்த வண்டி, அதைச் செய்தவனைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

பிரச்சினை என்னவென்றால், செகண்ட் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று கத்தும். தேர்ட் கியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். பெட்டி நிறைய ஐஸும் இறாலுமாகப் போகும்போது இது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சித்தி ஒரு கையால் கியர் ராடைப் பிடித்துக்கொண்டே பொன்னேரி வரைக்கும் போவார்கள்.

முதல் விஷயம்: நிஜமாவே கியர் பாக்ஸ்தானா?

கார் வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். 'கியர் போச்சு' என்று நாம் சொல்கிற எல்லாமே கியர் பாக்ஸ் இல்லை. எங்க மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்ததை என் பாஷையில் தருகிறேன்.

1. எல்லா கியரும் விழக் கஷ்டப்பட்டால், முதலில் கிளட்சைப் பார். கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கலாம். அது சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

2. ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் அநேகமாக கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. கியர் பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

3. ஒரே ஒரு கியருக்கு மட்டும் கத்தினால் அந்த கியரோட சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு சக்கரம் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது, பல் சேர்வதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது இந்த ரிங். பித்தளை மாதிரி மெதுவான உலோகம், தேயத்தான் செய்யும்.

4. நியூட்ரலில் நிற்கும்போது 'ஊஊ' என்று சத்தம் வந்து, கிளட்சை மிதித்தால் நின்றுவிட்டால், உள்ளே இன்புட் ஷாப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

5. கியர் தானாகக் கழன்றால் உள்ளே பல் தேய்ந்திருக்கலாம், அல்லது வெளியே மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். முதலாவது பெரிய செலவு, இரண்டாவது சின்னச் செலவு.

இதற்கெல்லாம் முன்னால் கியர் ஆயிலை இறக்கிப் பார்க்கணும். அடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு வந்தால் வயிற்றைக் கலக்கும். எங்க வண்டியில் துண்டு வரவில்லை. ஆனால் ஆயில் டீ கலரில் இருந்தது. அப்படியென்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீர் நிற்கிற ரோட்டில் ஓட்டினால், கியர் பாக்ஸ் மூச்சு விடுகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். எங்க ஊர்த் தண்ணீரில் உப்பு வேறு இலவசம்.

மெக்கானிக் அண்ணனோடு சித்தப்பா ஒரு ஒப்பந்தம் போட்டார். "இறக்கிப் பிரிச்சுப் பாருங்க. அதுக்கு 1,500 தர்றேன். வேலை செஞ்சா கூலியில கழிச்சுக்குங்க. செய்யலன்னா அதோட போகட்டும்." இந்த மொத்தக் கதையில் இதுதான் புத்திசாலித்தனமான செலவு என்று நினைக்கிறேன். தெரியாமல் முடிவெடுப்பதைவிட 1,500 கொடுத்துத் தெரிந்துகொள்வது மலிவு.

இரண்டாவது விஷயம்: அந்தப் 'பாதி விலை' விதி

பிரித்துப் பார்த்த பிறகு கணக்கு வந்தது. சின்க்ரோ ரிங், பேரிங், ஆயில் சீல் எல்லாம் சேர்த்து 11,000. கூலி 5,000. எப்படியும் இறக்கியாச்சு, கிளட்ச் செட்டும் மாத்திடலாம் என்று 4,500. மொத்தம் 20,500. நாலு நாள் வண்டி ஷெட்டில் நிற்கும். ஒரு நாளைக்கு 900 ரூபாய் வருமானம் போகும் என்று வைத்தால் 3,600. ஆக 24,100.

இன்னொரு வழியும் இருந்தது. சென்னை புதுப்பேட்டையில் கழட்டிய கியர் பாக்ஸ் வாங்கி மாட்டுவது. கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த கியர் பாக்ஸ் எந்த வண்டியில், எந்தத் தண்ணீரில் நீந்தியது என்று கேட்க முடியாது. நம்ம கியர் பாக்ஸின் வியாதி பிரித்துப் பார்த்துத் தெரிந்துவிட்டது. தெரியாத ஒன்றை வாங்க சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு விதி சொன்னார். "ரிப்பேர் செலவு வண்டி விலையில பாதிக்கு மேல போனா வித்துடு." பலரும் சொல்கிற விதிதான். சரி, வண்டி விலை என்ன? புரோக்கர் இரண்டு விலை சொன்னார். இப்போ இருக்கிற நிலையில் 40,000. கியர் சரியாக இருந்தால் 70,000. மெக்கானிக் பில்லை 40,000-ஆல் வகுத்தால் 51 சதவீதம், விற்கணும். 70,000-ஆல் வகுத்தால் 29 சதவீதம், ரிப்பேர் பண்ணணும். அதே வண்டி, அதே பில், இரண்டு தீர்ப்பு! இப்படி ஒரு விதியை நம்பி ஒரு குடும்பம் எப்படி முடிவெடுக்கும்?

மூன்றாவது விஷயம்: போன பணமும் புத்தக விலையும்

நம்ம வகுப்பில் படித்த 'மூழ்கிய செலவு' ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வராத பணம் அடுத்த முடிவில் சேராது. 1,30,000-க்கு வாங்கியதும், போன வருஷம் டயருக்கும் பேட்டரிக்கும் 14,000 போட்டதும் இப்போது கணக்கிலேயே வரக்கூடாது. சித்தப்பாவிடம் சொன்னேன். "எங்கப்பா காலத்துல இருந்தே அதான்டா. கிழிஞ்ச வலையைத் தைக்கும்போது அது வாங்கின விலையை யாரும் நினைக்க மாட்டாங்க. இன்னும் எத்தனை நாள் மீன் நிக்கும்னுதான் பாப்பாங்க" என்றார். மூணு மார்க் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தேய்மானம் போட்டும் பார்த்தேன் (பழக்க தோஷம்). வருமான வரிக் கணக்கில் வழக்கமாகப் போடுகிற 15 சதவீதத்தை மூணு வருஷம் கழித்தால் 1,30,000 என்பது 79,836 ஆகிறது. சந்தையோ 40,000 என்கிறது. புத்தக விலை வரிக்குத்தான் உதவும், இந்த முடிவுக்கு உதவாது.

ஆனால் வரிச் சட்டத்தில் ஒரு வழக்கு உதவியது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் 'நடப்பு பழுதுபார்ப்பு' செலவைக் கழித்துக்கொள்ள வழி இருந்தது. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் என்ற நூற்பாலை, பழைய ரிங் ஃபிரேம் இயந்திரங்களை மாற்றிப் புதியவை போட்டுவிட்டு, மில்லைப் பழுதுபார்த்த செலவு என்று கேட்டது. 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ரிங் ஃபிரேம் என்பதே தனி இயந்திரம், அதை முழுசாக மாற்றுவது இருப்பதைக் காப்பாற்றுகிற வேலை இல்லை, புதுச் சொத்து கொண்டுவருவது என்று சொல்லிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி: 'முழு இயந்திரம்' என்று எதைச் சொல்கிறோம்? கோடு எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்து ரிப்பேர் மாற்றமாகும், மாற்றம் ரிப்பேராகும். சித்தப்பாவின் சொத்து எது? கியர் பாக்ஸா? வேனா? காலையில் வாங்கிய இறாலை உருகாத ஐஸோடு தனக்குப் பிடித்த சந்தையில் இறக்குகிற வசதி, அதுதான் சொத்து. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்கு வாருங்கள்.

நான்காவது விஷயம்: மாத்தறதுக்கு நிஜமா என்ன விலை?

அஞ்சு வருஷம் ஓடிய ஒரு வேன் 2,40,000-க்கு வந்தது. பழையதை 40,000-க்குத் தள்ளினால் மீதி 2 லட்சம் வேண்டும். ஒரு ஃபைனான்ஸில் "பன்னெண்டு பர்சன்ட்தான் தம்பி, மூணு வருஷம்" என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஃபிளாட் வட்டி. அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 72,000 வட்டி, மாசம் 7,556 தவணை. குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 21 சதவீதம் ஆகிறது. 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் கடன் கொடுக்கும் முன் உண்மையான ஆண்டு வட்டி வீதத்தை ஒரு தாளில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வண்டிக் கடன் வாங்குகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்கிற சதவீதத்தை நம்பவேண்டாம்.

சரி, நேர்மையாகக் கணக்குப் போடுவோம். தவணை முழுவதும் செலவு இல்லை, கடைசியில் வண்டி நம் கையில் இருக்கும். மூணு வருஷம் கழித்து அது 1,20,000 போகும் என்று வைத்தால், விலை இறக்கம் 1,20,000, வட்டி 72,000. ஆக 1,92,000. மாசத்துக்கு 5,333. அதன் ரிப்பேர் செலவை நான் சேர்க்கவே இல்லை.

பழைய வண்டிக்கு: ரிப்பேர் 24,100. இன்றைய 40,000 கடைசியில் 15,000-க்கு இறங்கினால் 25,000. மாசம் 1,500 வேறு சில்லறை ரிப்பேர். இன்னும் இரண்டு வருஷம் ஓடினால் மொத்தம் 85,100, மாசத்துக்கு 3,546. ஒரே வருஷத்தில் படுத்துவிட்டால் 67,100, மாசத்துக்கு 5,592. அதாவது ரிப்பேருக்குப் பிறகு ஒரு வருஷம் ஓடினால் கிட்டத்தட்ட சமம். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு மாசமும் நமக்கு லாபம்.

பாருங்கள், 'பாதி விலை'யும் 'இவ்ளோ செலவு பண்ணியாச்சு'வும் காணாமல் போய், கேள்வி சின்னதாகிவிட்டது: இந்த வண்டி இன்னும் ஒரு வருஷம் ஓடுமா?

ஐந்தாவது விஷயம்: வட்டி இல்லாத கடன்

இந்த இடத்தில் ஒரு மீன் வியாபாரி வந்தார். "ரெண்டு லட்சம் நான் தர்றேன். வட்டியே வேணாம். முடிஞ்சப்போ குடு. சரக்கை மட்டும் எனக்கே போடு." சித்தி முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கும் ஒரு நிமிஷம் கை கால் ஓடவில்லை. வட்டியே இல்லையே!

கடலோரத்தில் இது புதுசு இல்லை. முன்பணம் கொடுத்தவருக்குத்தான் மீனைப் போடணும் என்பது பல ஊரில் இருக்கிற வழக்கம். அவர் தராசு, அவர் விலை. சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். வெளியே போகிற விலையைவிட கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவாகத்தான் எடுப்பார். ஒரு நாளைக்கு 25 கிலோ, 500 ரூபாய். மாசம் 24 நாள், 12,000 ரூபாய். ஃபைனான்ஸ் தவணையைவிட அதிகம்! தவணையாவது 36 மாசத்தில் முடியும். இதில் எத்தனை 12,000 போனாலும் அசல் அப்படியே நிற்கும்.

தடைக்காலத்தில் இன்னும் மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது சின்னப் படகில் வருகிற மீனுக்கும் ஏரி இறாலுக்கும் நல்ல கிராக்கி. எங்கே விலை அதிகமோ அங்கே போகிறவனுக்குத்தான் அந்த இரண்டு மாசம் திருவிழா. ஒரே தராசுக்குக் கட்டுப்பட்டவனுக்கு அது வெறும் வெயில்காலம்.

சித்தப்பா சொன்னது: "டேய் பி.காம், வண்டி புதுசா இருக்கும். ஆனா ஓட்டுறது அவரா இருப்பாரு, நான் டிரைவரா இருப்பேன்."

இந்தக் கணக்கில் உண்மையான பணயம் இதுதான். ரிப்பேரா மாற்றமா என்று கேட்கும்போது, மாற்றுவதற்கான பணம் யாரிடமிருந்து, என்ன நிபந்தனையோடு வருகிறது என்பதும் வண்டி விலையில் சேரணும். கையில் பணம் இருக்கிறவனுக்கு வேறு பதில், கடன் வாங்குகிறவனுக்கு வேறு பதில். எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது.

முடிவு

ஒரு வருஷம் ஓடுமா என்பதை கியர் பாக்ஸ் சொல்லாது, வண்டியின் அடித்தட்டுதான் சொல்லும். எங்க பக்கம் வண்டி கிலோமீட்டரால் சாவதைவிட துருவால் சாவது அதிகம். ஷெட்டில் வண்டியைத் தூக்கி, சேசிஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் மேலோட்டமான துரு. உள்ளே இறங்கவில்லை. இன்ஜினும் புகை விடவில்லை. எட்டு வருஷம் தாண்டிய மஞ்சள் போர்டு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். அதற்கு இன்னும் பத்து மாசம் இருந்தது. சேசிஸ் ஓட்டையாகியிருந்தால் நானே விற்கச் சொல்லியிருப்பேன். கியர் பாக்ஸைப் புதுப்பிக்கலாம், இற்றுப்போன அடித்தட்டில் அதை எங்கே மாட்டுவது?

வண்டியை ஷெட்டில் விடுகிற நாளையும் பார்த்துத்தான் குறித்தோம். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதை 'பாடு' என்பார்கள். அப்பாவின் முறை வருகிற நாளில் வண்டி இல்லாவிட்டால் இரட்டை நஷ்டம். அதனால் முறை முடிந்த மறுநாள் வண்டியை விட்டார்கள். நாலு நாள் சொன்னார், ஐந்து நாள் ஆனது. மெக்கானிக் உலகத்தில் இது சரியான நேரம்தான் ;-)

கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக், அந்த கியர் பாக்ஸை சின்ன ஷெட்டில் பிரிக்க முடியாது, செலவும் பயங்கரம். அங்கே எழுதிய விதிகளை நம்ம ஊர் சாதா கியர் வண்டிக்குப் போடாதீர்கள். 2014-ல் செலேரியோவோடு இங்கே பரவ ஆரம்பித்த ஏஎம்டி, உள்ளே சாதா கியர் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மாற்றுகிற வேலையை ஒரு கருவி செய்யும். கோளாறு கருவியிலா பாக்ஸிலா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. புது வண்டி விலை இறங்கினால் நம்ம பழைய வண்டிக்குக் கேட்கிற விலையும் இறங்கும். இரண்டு பக்கமும் கணக்கில் சேருங்கள்.

இதை எழுதும்போது ரிப்பேர் முடிந்து எட்டு மாசம் ஆகிறது. செகண்ட் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. நான் போட்ட கணக்குப்படி சமமாக இன்னும் நாலு மாசம் ஓடணும். ஓடும் என்று சத்தியம் பண்ண முடியாது, பழைய வண்டி. ஆனால் இந்த எட்டு மாசமும் தவணை இல்லாததால் சித்தி மாசம் 4,000 தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுகிறார்கள். 32,000 சேர்ந்திருக்கிறது. வண்டி நாளைக்கே படுத்தாலும் அடுத்ததுக்கு யாரிடமும் போய் முழுசாக நிற்க வேண்டியதில்லை.

ரிப்பேர் பண்ணி நாம் வாங்கியது கியர் பாக்ஸ் இல்லை மக்களே, கொஞ்சம் காலம். அந்தக் காலத்தில் பணம் சேர்த்தால் ரிப்பேர் லாபம். சும்மா இருந்துவிட்டால் அதே வியாபாரி அதே ரெண்டு லட்சத்தோடு திரும்ப வருவார்.

உங்க வீட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால் என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். எண்களோடு சொன்னால் இன்னும் சந்தோஷம்.

பி.கு: சித்தி இப்போதும் பழக்கத்தில் கியர் ராடைப் பிடித்துக்கொண்டேதான் உட்காருகிறார்கள் :-)